முப்பது நோன்பும் மூன்று வேளை மாத்திரையும்

மருத்துவமனையில் சேர்ந்த அன்று என் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டில் பக்கத்தில் நின்ற என் லாத்தா, "எனக்குப் பதிமூணு இருக்கு" என்று இந்தியில் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

லாத்தா என்றால் அக்கா. பெயர் ஷம்சுன்னிசா. வயது ஐம்பத்தொன்று. நான் நூர்ஜஹான், நாற்பத்தெட்டு. எங்கள் வாப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்து, அடுத்தடுத்த சந்துகளில் கல்யாணமாகி இருக்கிறோம். நான் மும்பையில் ஒரு தமிழ் நாளிதழில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். முதலில் பிழை திருத்தும் வேலை, அப்புறம் செய்தி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத எனக்குத் தெரியும். இதில் என் பொறாமையையும் எழுதியாக வேண்டும். அதை வெட்டிவிட்டால், வெறும் மாதவிடாய்க் கோளாறு எப்படி இரண்டு பை ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போனது என்று படிக்கிறவர்களுக்குப் புரியாது.

நாற்பத்து மூன்று வயதுவரை எனக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. நாலு நாள். காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பேன். நாற்பத்து நாலில் அது இருபத்து நாலு நாளாகச் சுருங்கியது. அடுத்த வருடம் ஒருமுறை பத்தொன்பதாம் நாளே வந்தது. அதற்கடுத்து ஐம்பத்திரண்டு நாள் வரவே இல்லை. பிறகு வந்தது பதினோரு நாள் நீடித்தது. அச்சுக்குப் போகிற பக்கத்தில் வரிகள் கலைந்து கிடப்பதுபோல வட்டங்கள் கலைந்து கிடந்தன. இந்த வயதில் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓரளவுக்கு அது உண்மையும்கூட.

லாத்தாவுக்கு இந்தக் குளறுபடி எதுவும் இல்லை. நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு மாதம் வரவில்லை. மறு மாதமும் வரவில்லை. அவ்வளவுதான். கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற நாணயமான வாடகைக்காரரைப்போல அது அவளை விட்டுப் போய்விட்டது. வேர்க்கவில்லை, தூக்கம் கெடவில்லை, யார்மேலும் எரிந்து விழவில்லை.

அந்த வருட ரமலானில் அவள் முப்பது நோன்பும் வைத்தாள்.

இதை விளக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எங்களுக்குத் தொழுகை இல்லை, நோன்பும் இல்லை. விட்டுப்போன தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டாம். விட்ட நோன்பை மட்டும் பிற்பாடு வைத்துத் தீர்க்க வேண்டும். அதைக் களா நோன்பு என்போம். ரமலான் இரவுகளில் எங்கள் சந்துப் பெண்கள் லாத்தா வீட்டு மாடியறையில்தான் கூடித் தொழுவார்கள். இருபது பேர் நிற்கிற இடம். யார் வரவில்லை என்பது முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும். ரமலான் முடிந்து பெருநாளன்று கட்டிப்பிடித்து சலாம் சொன்னதும் அடுத்த கேள்வி, "முப்பதும் கெடச்சுதா?" என்பதுதான். பிள்ளை பெறுகிற வயதில் அந்தக் கேள்விக்கு யாரும் ஆமாம் சொல்வதில்லை. ஆறோ ஏழோ விட்டுப்போகும். லாத்தா அந்த வருடம் ஆமாம் என்றாள். அவள் மாமியார் முதற்கொண்டு எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அந்த ரமலானில் பதின்மூன்று விட்டிருந்தேன்.

சிறு வயதில் நான் அவளை ஒரே ஒரு விஷயத்தில்தான் முந்தியிருக்கிறேன். மூன்று வயது இளையவளாக இருந்தும் வயதுக்கு வந்தது நான்தான் முதலில். அன்று அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. முப்பத்து மூன்று வருடம் கழித்து, முடிப்பதில் அவள் முந்திக்கொண்டாள்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றி என்னோடு நாளிதழில் வேலை பார்த்த ஒரு மாட்டுங்காத் தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் பூஜை, கல்யாணம் என்றால் அவள் நாலைந்து நாள் போடுவாள். அதன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, குர்லாவில் என்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். நாளுக்கு மூன்று வேளை என்று கடைக்காரர் சொன்னார். நோன்பில் மத்தியான வேளை மாத்திரையை எப்படி விழுங்குவது? விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு இரண்டு, மாலையில் நோன்பு திறந்ததும் ஒன்று என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். முப்பது நாள். டாக்டரைப் பார்க்கவில்லை.

அப்படி மூன்று ரமலான். மூன்று பெருநாளிலும், முப்பதும் கிடைத்தது என்று சொன்னேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் மூன்றாம் நாள் கொட்டத் தொடங்கும். ஒரு மாதம் தேக்கி வைத்ததுதான் வருகிறது என்று நினைத்தேன். அதனால் பயப்படவில்லை. மற்ற மாதங்களில் தாறுமாறாக வந்ததையும் மாத்திரையின் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

இந்த வருடம் அது நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மணிக்கு ஒரு பேட் நனைந்தது. பதினாலாம் நாள் குளியலறையில் கண் இருட்டி விழுந்தேன். என் வீட்டுக்காரர் தையல் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்து, டாக்ஸி பிடித்து, செம்பூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

பெண்கள் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் வயிறு தள்ளிய பெண்கள், வலப்பக்கம் அறுபதைத் தாண்டிய பெண்கள். இடப்பக்கத்தாருக்கு ரத்தம் வராததே நல்ல செய்தி. வலப்பக்கத்தார் அதை மறந்தே போனவர்கள், பேரன் வீடியோவைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளை சல்வார் போட்டு வந்திருந்த ஒரு பெண்ணை மட்டும் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

உள்ளே ஒரு இளம் டாக்டர் கேள்வி கேட்டு எழுதினாள். எத்தனை பிள்ளைகள், அறுவை சிகிச்சை உண்டா, சர்க்கரை உண்டா. அதற்குள் லாத்தா வந்து சேர்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்கு நோன்பு. ரமலான் முடிந்த மாதத்தில் ஆறு நோன்பு வைப்பது கூடுதல் நன்மை. கடமை முடிந்தவர்களுக்கு அது. உதடு காய்ந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

"ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று இளம் டாக்டர் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"உங்கள் அம்மாவுக்கு, அக்காவுக்கு எந்த வயதில் நின்றது?"

"உம்மாவுக்கு அம்பதுல. எனக்கு நாப்பத்தெட்டு. ஒரு தொந்தரவும் கெடயாது" என்று லாத்தாவே பதில் சொன்னாள்.

அன்று மாலையே ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் என் மகனுக்குப் போன் செய்தேன். அவன் ஐரோலியில் வேலையில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் லாத்தாவின் மகன் கொடுத்துவிட்டு, பஞ்சு வைத்த கையோடு வந்து என்னைப் பார்த்துவிட்டும் போனான். நன்றியாகத்தான் இருந்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. அதிலும் அவள் வீடுதான் முந்தியது.

மறுநாள் சோனோகிராபி. கருப்பையின் உள்சுவர் பதினேழு மில்லிமீட்டர் தடித்திருந்தது. பெரிய டாக்டர் மராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும், குரல் கொஞ்சம் சத்தம். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து இந்தியில் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது. உடம்பில் இரண்டு ஹார்மோன். ஒன்று மாதாமாதம் அந்தச் சுவரைப் பூசிக்கொண்டே போகும். மற்றொன்று கருமுட்டை வெளியான பிறகு வந்து, பூசினது போதும் என்று நிறுத்தும். நாற்பத்தைந்தை ஒட்டி, சில மாதங்களில் முட்டை வெளியாவதில்லை. அப்போது பூசுகிறவன் வேலைக்கு வருகிறான், நிறுத்துகிற மேஸ்திரி வருவதில்லை. சுவர் தடித்து, நினைத்த நேரத்தில் நினைத்த அளவு உதிர்கிறது. நாட்கள் முன்பின் ஆவது இந்த வயதில் சகஜம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

"ஆனால் எல்லாமே சகஜம் இல்லை" என்று விரல் விட்டு எண்ணினார். மணிக்கு ஒரு பேட் நனைந்தால், ஏழு நாளைத் தாண்டினால், இருபத்தொரு நாளுக்குள் மறுபடி வந்தால் டாக்டரிடம் வர வேண்டும். நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் வர வேண்டும். கடைசி விதி லாத்தாவுக்குப் பொருந்துவது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

தடித்த சுவரில் சில சமயம் புற்றுநோய் இருக்கலாம். சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அது பயாப்ஸி. புற்று என்றால் கருப்பையை எடுக்க வேண்டிவரும்.

அன்று மத்தியானம் லாத்தா ஆட்டு ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள், ரத்தம் ஊற. நோன்போடு சமைக்கிறவர் உப்புப் பார்க்க முடியாது. அதிலாவது பிசகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. நான் சாப்பிடும்போது அவள் ஸ்கேன் உறையால் விசிறிக்கொண்டாள். கழுத்தில் வேர்வை. அவளுக்கும் இந்த வயதின் வேர்வை வருகிறது போலிருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கு மேலே இருந்த மின்விசிறி ஓடவில்லை.

மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டர் இளம் டாக்டரோடு வந்தார். ஆய்வகத்துக்குத் துண்டோடு போகிற படிவத்தைக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆறாவது வரியில், ஹார்மோன் மாத்திரை இல்லை என்று இருந்தது.

"இந்த வரி எதற்கு?" என்று கேட்டேன்.

"மாத்திரை சாப்பிட்டிருந்தால் மைக்ராஸ்கோப்பில் சுவரின் தோற்றமே மாறியிருக்கும். படிக்கிறவருக்கு அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தப்பாகப் படிக்கலாம்" என்றார் பெரிய டாக்டர்.

தப்பான தகவலை என் பெயரில் அச்சுக்கு அனுப்பப் போகிறேன். இந்த முறை மறுநாள் திருத்தம் போட இடம் இருக்காது. லாத்தாவை வெளியே அனுப்பப் பார்த்தேன்.

"லாத்தா, கீழ போயி பில்லு எவ்ளோ ஆச்சுன்னு கேட்டுட்டு வாயேன்."

"ஒன் வீட்டுக்காரரு காலையிலயே கேட்டுட்டாருட்டி."

"தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா."

"ரெண்டு இருக்கு. ஒனக்கு என்ன, பயமா? நான் எங்கயும் போகல. இங்கனயேதான் இருக்கேன்" என்று என் காலைப் பிடித்து அமுக்க ஆரம்பித்தாள்.

லாத்தாவுக்கு ஆங்கிலம் வராது. குரலைத் தாழ்த்தி, பெரிய டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மாத்திரையின் பெயர், நான் போட்ட இரண்டு வேளைக் கணக்கு, மூன்று வருடம், ஒவ்வொரு வருடமும் முப்பது நாள், கடைசி மாத்திரை ரமலான் கடைசி நாளில். அவர் புருவத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டார். பிறகு இளம் டாக்டர் பக்கம் திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும் குரலில் இந்தியில் சொன்னார்.

"லிக்கோ. தீன் சால் ஸே, ரம்ஜான் மே பூரே தீஸ் தின் கோலி."

எழுது. மூன்று வருடமாக, ரமலானில் முழு முப்பது நாளும் மாத்திரை.

என் கால்மேல் இருந்த கை நின்றது.

டாக்டர் திட்டவில்லை. நாலைந்து நாள் தள்ளிப்போட, டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுவது வேறு என்றார். மூன்று வேளைக்குப் பிரித்துச் சாப்பிட வேண்டியதை நான் இரண்டு வேளையில் அடைத்ததால் நடுநடுவே கறை பட்டிருக்குமே என்று கேட்டார். பட்டது என்றேன். "மாத்திரை உன்னைக் கெடுத்ததைவிட, மூன்று வருடமாக உன் உடம்பு சொன்னதை உன்னைக் கேட்கவிடாமல் செய்ததுதான் பெரிய நஷ்டம்" என்றார். ஆறாவது வரி அடிக்கப்பட்டு மேலே புது வரி எழுதப்பட்டது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் போனதும் லாத்தா கேட்டாள்.

"சஹர்ல எத்தன?"

"ரெண்டு. நோம்பு தொறந்து ஒண்ணு."

"மத்தியானம்?"

"நோம்புல எப்படி முழுங்க?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா! நோம்ப முறிக்காம நோம்ப ஏமாத்திருக்கியேட்டி! எதுக்கு இந்த வேல?"

"நீ முப்பது வச்ச."

"எனக்கு நின்னுபோச்சு, வச்சேன். ஒனக்கு நின்ன பொறவு நீயும் வையி. அதுக்கென்ன அவசரம், எட்டு மணி லோக்கலா போயிரப்போவுது?"

"ஒன் கையப் புடிச்சுக்கிட்டு நின்னாளுவளே எல்லாரும். ஒன் மாமியாரு ஒன் நெத்தியில முத்தம் குடுத்தாவ."

லாத்தாவின் சிரிப்பு நின்றது.

"அந்த ஒரு முத்தத்துக்காட்டி இம்புட்டு ரத்தம்?" என்றாள். அப்புறம், "கறை பட்ட அன்னைக்கும் வந்து தொழுதியா?"

தலையாட்டினேன்.

"நோம்பையும் வச்சிருக்க. எத்தன நாளு?"

"இந்த வருசம் நாலு. போன வருசம் மூணு. மொத வருசம் படல."

"சரி, அத அப்புறம் பாப்போம். மொத ரிப்போட்டு வரட்டும்" என்று மறுபடி காலை அமுக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் வலிக்கும்படியே அமுக்கினாள்.

துண்டு எடுத்தது ஐந்து நிமிட வேலை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார்கள். அடிவயிற்றைக் கிள்ளியதுபோல ஒரு வலி, அவ்வளவுதான். முடிவுக்கு ஆறு நாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு நாளில் நான் கண்டுகொண்டது, பயம் பொறாமையைத் துரத்துவதில்லை என்பது. இரண்டும் ஒரே அறையில் இருக்கும். நான் போய்விட்டால் என் மகன் கல்யாணத்தில் லாத்தாதான் முன்னே நிற்பாள் என்று நினைத்து அழுதேன். எந்தச் சேலை கட்டுவாள் என்பதுவரை யோசித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தினமும் பட்டறையிலிருந்து இரண்டு முறை எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போவார். ஏழாம் நாள் காலை அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினார். தையல்காரர். அதைப் பார்த்துத்தான் அவரும் பயந்திருக்கிறார் என்று தெரிந்தது.

புற்று இல்லை. உள்சுவர் தடிப்பு, மாத்திரையின் விளைவும் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். மாத்திரை விஷயத்தைச் சொல்லியிருக்காவிட்டால் இந்த ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுத்திருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். கருப்பையை எடுக்க வேண்டாம். உள்ளே சின்னதாக ஒரு சாதனம் வைத்தார்கள். போதும் என்று சொல்கிற அந்த ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதுவே விடும். முதல் சில மாதம் லேசாகக் கறை படும், பிறகு குறையும் என்றார். இரும்புச் சத்து மாத்திரை, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். எப்போது நிற்கும் என்று கேட்டேன். இன்னும் ஒரு வருடமோ நாலு வருடமோ, யாராலும் சொல்ல முடியாது என்றார். ரத்தம் பன்னிரண்டைத் தொடும்வரை நோன்பு வைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, பள்ளிவாசல் ஆலிமுக்கு நானே போன் செய்து கேட்டேன். லாத்தா கேட்டுத்தர மறுத்துவிட்டாள், "ஒன் திருட்டுத்தனத்துக்கு நான் வக்கீலா?" என்று. மாத்திரையால் ரத்தம் வராத நாட்களில் வைத்த நோன்பு நோன்புதான் என்றார் அவர். கறை பட்ட ஏழு நாளை மட்டும் பேணுதலுக்காக, ஒரு முன்ஜாக்கிரதையாக, திரும்ப வைத்துவிடச் சொன்னார்.

அன்று மாலை லாத்தா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். ஏழு என்று சொன்னேன்.

"டிசம்பர்ல பகல் சின்னது. அதுக்குள்ள ஒனக்கு ரத்தமும் ஏறிரும். ஏழையும் ஒண்ணா வைப்போம். தொணைக்கு நானும் வைக்கேன்" என்றாள்.

கண் கலங்கியது. கலங்கும்போதே மனம் கணக்குப் போட்டுவிட்டது. எனக்கு அந்த ஏழும் பாக்கி. வைத்தால் தலை தப்பும், அவ்வளவுதான். அவளுக்குப் பாக்கி எதுவும் கிடையாது. அவள் வைக்கிற ஏழும் கூடுதல் நன்மை. என் தப்பைத் தீர்ப்பதிலும் லாபம் அவளுக்கே போகிறது. இதை அவளிடமே சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்துப் பட்டது போதும்.

லாத்தா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? வேணும்னா நீ எட்டா வையி."

இப்போது என் ஹீமோகுளோபின் பத்து புள்ளி ஆறு. டிசம்பரில் எட்டு வைப்பதாக இருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.